நேரில் வந்தவர் நழுவாமல் இருக்க: சிறு கிளினிக்குகளுக்கான தொலைமருத்துவ வழிகாட்டி

உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மதுரைக்குள் வந்து பிரஷர் மாத்திரை எழுதி வாங்கிப் போகிறவருக்கு டாக்டர் ஃபீஸ்தான் சின்னச் செலவு. அன்றைய கூலி போகும். துணைக்கு வரும் மகனுக்கும் ஒரு நாள் லீவு. பஸ், சாப்பாடு, டோக்கன் போட்டுக் காத்திருக்கும் நேரம் எல்லாம் அதன் மேல். இரண்டு மாதம் வருவார். மூன்றாம் மாதம் காலி அட்டையை எடுத்துக்கொண்டு உள்ளூர் மருந்துக் கடைக்குப் போய் "இதே மாத்திரை பத்து நாளைக்குக் குடுங்க" என்பார். உடம்பில் தொந்தரவு எதுவும் தெரியாததால் கொஞ்ச நாளில் அதையும் நிறுத்திவிடுவார். உங்கள் மேல் அவருக்கு ஒரு வருத்தமும் கிடையாது. யார் கேட்டாலும் "நம்ம டாக்டர்" என்று உங்கள் பெயரைத்தான் சொல்வார். ஆனால் எட்டு மாதம் கழித்துக் கால் வீங்கியோ தலை சுற்றியோ அவர் போய் நிற்பது வேறு ஆஸ்பத்திரியாக இருக்கும்.

சிறு கிளினிக்குக்குத் தொலைமருத்துவம் உதவுவது இந்த இடைவெளியில்தான். புது நோயாளிகளை அள்ளிக் கொண்டுவரும் என்று ஆப் விற்க வருகிறவர்கள் சொல்வதை நம்பிப் பணம் போட வேண்டாம். ஒன்றிரண்டு டாக்டர், ஒரு சிஸ்டர், கவுண்டரில் ஒருவர் என்று நடக்கும் கிளினிக்கில் இதை எப்படித் தொடங்குவது, எங்கே சிக்கும் என்பதைக் கீழே வரிசையாகத் தருகிறோம்.

முதல் வேலை: பட்டியல்

ஆப், கேமரா எதையும் வாங்குவதற்கு முன், வெளிநோயாளிகளைப் பதியும் ஓபி நோட்டை எடுங்கள். கடந்த 6 மாதத்தில் நேரில் வந்த பிரஷர், சுகர், தைராய்டு, ஆஸ்துமா நோயாளிகளைத் தனியாகப் பிரித்து எழுதுங்கள். 6 மாதம் என்ற கணக்குக்குக் காரணம் உண்டு; சட்டப் பகுதியில் வருகிறது. ஒரு சாதாரண எக்செல் தாள் போதும். ஓபி எண், பெயர், வயது, ஊர், நோய், கடைசியாக நேரில் வந்த தேதி, எத்தனை நாளுக்கு மாத்திரை எழுதினீர்கள், அது தீரும் தேதி, இரண்டு போன் எண்கள். இவற்றோடு "போன் யாருடையது, எப்போது கையில் இருக்கும்" என்று ஒரு கட்டம் கட்டாயம் வேண்டும்.

பல கிளினிக்குகள் தோற்பது இந்தக் கடைசிக் கட்டம் இல்லாததால். நோயாளி கொடுத்த எண் மகனுடையது. மகன் பகலில் கப்பலூரில் ஷிஃப்டில் இருப்பார். வீட்டில் அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். பகல் 3 மணிக்கு வீடியோ கால் போட்டால் எடுப்பது மகன். "அம்மா வீட்ல இருக்காங்க சார், நான் வேலைல இருக்கேன்" என்பதோடு பேச்சு முடியும். ஸ்மார்ட்போன் இரவு 8 மணிக்குத்தான் வீட்டுக்கு வரும் என்று முன்பே எழுதி வைத்திருந்தால் அழைப்பு வீணாகாது. மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் வியாபாரம் செய்கிறவர் விடியுமுன் எழுந்து வேலை முடித்து முற்பகலில் தூங்குவார். அவருக்குச் சாயங்காலம்தான் சரி.

பட்டியலை மாத்திரை தீரும் தேதிப்படி அடுக்குங்கள். எடுத்துக்காட்டாக 300 பேர், எல்லோருக்கும் 30 நாள் மாத்திரை, மாதத்தில் 25 ஓபி நாள் என்றால் ஒரு நாளைக்கு 12 பேர். கவுண்டரில் இருப்பவர் அன்றைய 12 பேரை மட்டும் பார்த்தால் போதும். மாத்திரை தீரும் நாளில் கூப்பிட்டால் தாமதம்; தீர்வதற்கு 4 நாள் முன்பே கூப்பிட வேண்டும். கடைக்காரரிடம் காலி அட்டையை நீட்டும் நாளுக்கு முன் உங்கள் குரல் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் கணக்கு.

எல்லோரையும் பட்டியலில் சேர்க்கக் கூடாது. கர்ப்பிணிகள், காய்ச்சல் குழந்தைகள், புண்ணுக்குக் கட்டு மாற்ற வருகிறவர்கள், போன மாதம்தான் மாரடைப்பு வந்து திரும்பியவர்கள், பிரஷர் இன்னும் கட்டுக்குள் வராதவர்கள் எல்லோரும் நேரில் வர வேண்டியவர்கள். மற்றவர்களுக்கும் எல்லா முறையும் போனிலேயே ஓட்டிவிட முடியாது. இரண்டு மாதம் போன், மூன்றாவது மாதம் நேரில் என்ற சுற்று பெரும்பாலான சுகர், பிரஷர் நோயாளிகளுக்குப் பொருந்தும். சுகரின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையும் 3 மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது வழக்கம் என்பதால் ஒரே பஸ் செலவில் இரண்டும் முடியும்.

சட்டம் எதை விடும், எதை விடாது

இந்தியாவில் தொலைமருத்துவத்துக்கான நடைமுறை விதிகள் 2020 மார்ச் 25 அன்று வெளியாயின. மருத்துவர்களின் ஒழுங்கு நெறி பற்றிய 2002-ஆம் ஆண்டு விதிகளின் பகுதியாக அவை சேர்க்கப்பட்டன. வீடியோ, குரல், எழுத்துச் செய்தி மூன்றுமே செல்லும். எது போதும் என்று முடிவு செய்வது டாக்டர். நோயாளி நேரில் வர விரும்பினால் போனிலேயே பார்த்துக்கொள்ளச் சொல்லி வற்புறுத்தக் கூடாது.

தினசரி வேலைக்கு நான்கு விஷயங்கள் நினைவில் இருந்தால் போதும்.

முதலாவது, தொடர் ஆலோசனை என்றால் என்ன என்பது. அதே டாக்டர், அதே நோய்க்கு, 6 மாதத்துக்குள் நேரில் பார்த்திருக்க வேண்டும். 6 மாதம் தாண்டினாலோ, பிரஷருக்கு வந்தவர் இப்போது வயிற்று வலி என்றாலோ அது முதல் ஆலோசனைக் கணக்கில் போய்விடும். எழுதக்கூடிய மருந்து அப்போது மாறும்.

இரண்டாவது, மருந்துப் பட்டியல்கள். பாராசிட்டமால், ஓஆர்எஸ் போன்றவை எந்த வகை ஆலோசனையிலும் எழுதலாம். முதல் ஆலோசனை வீடியோவில் நடந்தால் 'ஏ' பட்டியல் மருந்துகளை எழுதலாம். சில தோல் களிம்புகள், கண் சொட்டு மருந்துகள் அதில் உண்டு. தொடர் ஆலோசனையில், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மெட்ஃபார்மின் (சுகர்), எனலாப்ரில் (பிரஷர்) போன்றவற்றை வீடியோ, குரல், எழுத்து எந்த வழியிலும் தொடர்ந்து எழுதுவதும் இதில் அடங்கும். தொடர் ஆலோசனையில், ஓடும் மருந்தோடு கூடுதலாக இன்னொன்று சேர்ப்பதற்கு 'பி' பட்டியல். மெட்ஃபார்மினோடு சிட்டாகிளிப்டின் சேர்ப்பது அதற்கு எடுத்துக்காட்டு. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரும் மருந்துகளும் 'எக்ஸ்' அட்டவணை மருந்துகளும் தடை. டிரமடால் வலி மாத்திரையையும் அல்பிரசோலம் தூக்க மாத்திரையையும் போனில் எழுத முடியாது. "போன மாசம் எழுதினீங்களே" என்று நோயாளி கெஞ்சுவது பெரும்பாலும் இந்த இரண்டுக்காகத்தான். கவுண்டரில் இருப்பவருக்கும் இது தெரிந்திருந்தால் டாக்டர் வரை பேச்சு வராது.

மூன்றாவது, சம்மதம். நோயாளி தானாக அழைத்தால் சம்மதம் கொடுத்ததாகவே பொருள். கிளினிக்கிலிருந்து நீங்கள் அழைத்தாலோ, நோயாளிக்காக வீட்டார் அழைத்தாலோ வெளிப்படையாகக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். நாம் சொல்லும் முறையில் அழைப்பது பெரும்பாலும் கிளினிக்தான் என்பதால் இதை விட்டுவிட முடியாது. "போன் மூலம் டாக்டர் ஆலோசனை பெறச் சம்மதம்" என்று ஒரு வரி வாட்ஸ்அப் செய்தி போதும். எழுதத் தெரியாதவர் குரல் செய்தி அனுப்பலாம். அது கோப்பில் இருக்க வேண்டும்.

நான்காவது, எல்லை. இந்தியாவுக்குள் எந்த ஊரில் இருக்கும் நோயாளிக்கும் நீங்கள் ஆலோசனை தரலாம். திருப்பூருக்கு வேலைக்குப் போன நோயாளியை அதனால் இழக்க வேண்டியதில்லை. துபாயில் இருக்கும் மகன் தன் உடம்புக்குக் கேட்டால் இந்த விதிகள் அதற்குப் பொருந்தாது. அதே மகன் மேலூரில் இருக்கும் அம்மாவுக்காகப் பேசுவது வேறு. அதற்கு அம்மா முன்பு நேரில் வந்தபோது "இவர் எனக்காகப் பேசலாம்" என்று உறுதி சொல்லியிருக்க வேண்டும். பட்டியலில் அதற்கும் ஒரு கட்டம் போட்டு, அடுத்த முறை வரும்போதே கேட்டு வையுங்கள்.

கருவி, இடம்

இதில் அதிகம் செலவழிக்க வேண்டாம். கிளினிக் பெயரில் ஒரு சிம், அதற்கென்று தனி போன், அதில் வாட்ஸ்அப் பிசினஸ், மைக் உள்ள இயர்போன், போனை நிற்க வைக்க ஒரு ஸ்டாண்ட். டாக்டரின் முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் நோயாளிக்குக் கறுப்பு நிழல்தான் தெரியும். மேலே ஓடும் ஃபேன் சத்தம் பட்டன் போனில் பேசுகிறவருக்குப் பெரிய தொல்லை. ரவுட்டருக்குச் சின்ன யுபிஎஸ் வையுங்கள். உங்கள் பகுதிக்கு மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்த நாள் என்று பார்த்து, அன்று வீடியோ நேரம் கொடுக்காமல் இருப்பது அதைவிட நல்லது.

கவுண்டரில் இருப்பவரின் சொந்த போனில் இந்த வேலை நடக்கவே கூடாது. அவர் வேலையை விட்டால் நோயாளிகளின் எண்கள், ரிப்போர்ட்டுகள், புண் படங்கள் எல்லாம் அந்தப் போனோடு போய்விடும். கிளினிக் போனிலும் வாட்ஸ்அப்பில் வரும் படங்கள் கேலரியில் தானாகச் சேரும் வசதியை அணைத்துவிடுங்கள். இரண்டடுக்கு பின் எண் போடுங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023-இல் தனிச் சட்டமே வந்துவிட்டது.

மொத்தமாக நூறு பேருக்கு எஸ்எம்எஸ் அனுப்ப நினைத்தால், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி அனுப்புநர் பெயரையும் செய்தி வாசகத்தையும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். 300 பேர் உள்ள கிளினிக்குக்கு அந்த அலைச்சல் தேவையில்லை. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டுப் பேசுவது அதைவிடப் பலன் தரும்.

இன்னொரு சின்ன வேலையும் உண்டு. தெரியாத எண்ணை இப்போது யாரும் எடுப்பதில்லை. நோயாளி நேரில் வந்திருக்கும்போதே கிளினிக் எண்ணிலிருந்து அவருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்து, அங்கேயே டாக்டர் பெயரில் பதிந்து கொடுங்கள். வீட்டிலுள்ள எல்லாப் போனிலும் பதியச் சொல்லுங்கள்.

நேரமும் ஃபீஸும்

ஓபி நடக்கும்போது இடையிடையே போன் எடுப்பது இரண்டு பக்கமும் கெடுக்கும். எதிரே உட்கார்ந்திருப்பவருக்குக் கோபம் வரும். போனில் இருப்பவருக்கு அரைக் கவனம்தான் கிடைக்கும். மதிய ஓபி முடிந்து 2 முதல் 3.30 வரை ஒரு நேரம், இரவு 8.30-க்குப் பிறகு அரை மணி நேரம் என்று வைத்தால் விவசாய வீடு, கூலி வேலை வீடு இரண்டுக்கும் ஒத்துவரும். ஒருவருக்கு 8 நிமிடம், எழுத 2 நிமிடம். சரியாக 2.20 என்று சொல்லாமல் "ரெண்டுல இருந்து ரெண்டரைக்குள்ள டாக்டர் கூப்பிடுவாங்க" என்று சொல்லுங்கள். டாக்டர் தாமதமானால் அந்த அரை மணிக்குள் கவுண்டரிலிருந்து தகவல் போக வேண்டும். ஒருமுறை காத்திருந்து ஏமாந்தவர் அடுத்த முறை போனை எடுப்பது சந்தேகம்.

ஃபீஸ் விஷயத்தில் நம் ஊரில் வரும் கேள்வி தெரிந்ததுதான்: "போன்ல பேசுனதுக்கும் காசா?" இதற்கு வாதம் செய்து பயனில்லை. எதற்குக் காசு, எதற்கு இல்லை என்பதை நேரில் வந்த அன்றே சீட்டின் பின்பக்கம் அச்சடித்துக் கொடுத்துவிட வேண்டும். பார்த்துப் போன 7 நாளுக்குள் அதே பிரச்சினைக்குக் கேட்கும் சந்தேகத்துக்கும், ரிப்போர்ட் அனுப்பி "நார்மலா?" என்று கேட்பதற்கும் காசு வேண்டாம். அளவுகளைப் பார்த்து மருந்தைத் தொடர்ந்து எழுதும் மாத ஆலோசனைக்கு ஃபீஸ் உண்டு. விதிகள் நேரில் வாங்கும் அளவுக்கே வாங்க அனுமதிக்கின்றன. ஆனாலும் பாதி வாங்கினால் நோயாளி மாதாமாதம் நிற்பார் என்பதே எங்கள் கருத்து. கிளினிக் கணக்குக்கான யுபிஐ கியூஆர் படத்தை முதல் நாளே அனுப்புங்கள். டாக்டரின் சொந்தக் கணக்குக்கு வாங்கினால் வருடக் கடைசியில் ஆடிட்டர் தலையைப் பிய்த்துக்கொள்வார். ரசீது கொடுப்பது கட்டாயம்.

ஒரு அழைப்பு எப்படி நடக்க வேண்டும்

முதலில் பேசுவது கவுண்டரில் இருப்பவரோ சிஸ்டரோ. மருத்துவ ஆலோசனை எதுவும் சொல்லாமல் நாள் குறிப்பதும் தயார் செய்வதும் மட்டும் அவர் வேலை. ஏறக்குறைய இப்படி:

"வணக்கம்மா, கே.கே.நகர் கிளினிக்ல இருந்து பேசுறேன். உங்க பேரும் ஊரும் சொல்லுங்கம்மா. சரி. இன்னும் நாலு நாளைக்குத்தான் மாத்திரை இருக்கும்னு நோட்டுல இருக்கு. நேர்ல வர்றீங்களா, இல்ல இந்த மாசம் போன்லயே டாக்டர்கிட்ட பேசுறீங்களா?"

பெயரை நாம் சொல்லி "நீங்கதானே?" என்று கேட்கக் கூடாது, அவரையே சொல்ல வைக்க வேண்டும். ஒரே ஊரில் மூன்று முருகேசனும் நான்கு பாண்டியம்மாளும் இருப்பார்கள். பெயரோடு வயது அல்லது ஓபி எண், இரண்டும் பொருந்தினால்தான் அடுத்த பேச்சு. ஒருவர் சீட்டு இன்னொருவர் வாட்ஸ்அப்புக்குப் போவதுதான் இந்த வேலையில் நடக்கக்கூடிய மிக மோசமான தவறு. காரணம் எப்போதும் இதே பெயர்க் குழப்பம்தான்.

நாள் குறித்த பிறகு நோயாளி தயார் செய்ய வேண்டியவை: சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளும் கையில், ஒரு வாரப் பிரஷர் அல்லது சுகர் அளவு எழுதிய தாள், பக்கத்தில் பேச உதவும் ஒருவர். பேரன் "அப்பத்தாவுக்குக் காது கேக்காது, நான் சொல்றேன்" என்று முந்திக்கொண்டு எல்லாவற்றுக்கும் பதில் சொல்லத் தொடங்கினால் தடுக்க வேண்டாம். ஆனால் இரண்டு கேள்வியையாவது அப்பத்தாவிடமே கேட்க வேண்டும்: மாத்திரை எத்தனை நாள் விட்டுப்போச்சு, படி ஏறினால் மூச்சு வாங்குதா. இந்த இரண்டுக்கும் வீட்டாருக்கு உண்மையான பதில் தெரிந்திருப்பது அரிது.

டாக்டர் பேசும்போது தன் பெயர், தகுதி சொல்லித் தொடங்க வேண்டும். பிறகு அபாய அறிகுறிகள். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கம் கை கால் மரப்பு, வாய் கோணல், திடீர்ப் பார்வை மங்கல், காலில் புண். ஒன்று இருந்தாலும் மாத ஆலோசனை அங்கேயே நிற்கும். புண்ணுக்கு அன்றே நேரில் வர வேண்டும், மற்றவற்றுக்கு 108.

அடுத்து அட்டைகள். "வெள்ளை மாத்திரை ஒண்ணு, ரோஸ் மாத்திரை அரை" என்பது போதாது. கடையில் வேறு கம்பெனி மாத்திரை கொடுத்திருந்தால் நிறம் மாறியிருக்கும். அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், அல்லது வீட்டில் படிக்கத் தெரிந்தவர் கீழே உள்ள சின்ன எழுத்தை வாசிக்கட்டும். படிக்கத் தெரியாத வீடுகளுக்கு ஒரு வழி உண்டு: நேரில் வரும்போது அட்டையின் பின்பக்கம் மார்க்கரால் 1, 2, 3 என்று எழுதி, சீட்டிலும் அதே எண்ணைப் போட்டுவிட்டால் போனில் "ரெண்டாம் நம்பர் மாத்திரையை ராத்திரி நிறுத்துங்க" என்று சொல்லலாம். கடையில் புது அட்டை வாங்கியதும் பழைய எண்ணைப் பார்த்து எழுதிக்கொள்ளச் சொல்ல வேண்டும்.

இதோடு கட்டாயம் கேட்க வேண்டிய ஒரு கேள்வி உண்டு. தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து பிரஷர், சுகர் மாத்திரைகள் பலருக்கு வீட்டுக்கே வருகின்றன. உங்களிடம் அம்லோடிபின் என்ற பிரஷர் மருந்தை ஒரு கம்பெனிப் பெயரில் எழுதி வாங்குகிறவர், அங்கிருந்து வரும் அம்லோடிபினையும் வேறு மாத்திரை என்று நினைத்துச் சேர்த்துச் சாப்பிடுவார். காலில் வீக்கம், தலை சுற்றல். "கவர்மெண்டுல இருந்து வீட்டுக்கு மாத்திரை குடுக்குறாங்களா?" என்று ஒவ்வொரு மாதமும் கேளுங்கள். அதை வேண்டாம் என்று தடுப்பது தவறு. அந்த மாத்திரையைச் சாப்பிடட்டும், அளவையும் மாற்றத்தையும் நீங்கள் பாருங்கள். மாத்திரை இலவசமாகக் கிடைத்தும் உங்கள் ஆலோசனைக்கு வருகிறவர்தான் நீண்ட நாள் நிற்கும் நோயாளி.

கடைசியில், சொன்னதை நோயாளியைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அடுத்த தேதியைக் குறிக்காமல் அழைப்பை முடிக்கக் கூடாது.

வீட்டில் அளக்கக் கற்றுக்கொடுப்பது

போனில் நீங்கள் முடிவு எடுப்பது நோயாளி சொல்லும் எண்ணை வைத்து. அந்த எண் தவறானால் எல்லாம் தவறு. இதற்கு நேரில் வரும் நாளில் சிஸ்டர் 10 நிமிடம் ஒதுக்க வேண்டும். இந்த வழிகாட்டியில் எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

பிரஷர் மிஷின் மேல் கையில் கட்டுவதாக இருக்க வேண்டும். மணிக்கட்டில் கட்டும் மிஷின் வேண்டாம். கையில் சுற்றும் பட்டையான கஃப்பின் அளவு முக்கியம். மேல் கைச் சுற்றளவு 22 முதல் 32 செ.மீ. வரை சாதாரணக் கஃப் போதும். அதைவிடத் தடிமனான கைக்குப் பெரிய கஃப் இல்லாமல் அளந்தால் இல்லாத பிரஷரைக் காட்டும். வாங்கும் முன் டேப் வைத்து அளந்து சொல்லி அனுப்புங்கள்.

அளப்பதற்கு அரை மணி முன்பு காபி, டீ, வெற்றிலைப் புகையிலை, பீடி கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, நாற்காலியில் முதுகு சாய்த்து, இரண்டு காலும் தரையில் படிய 5 நிமிடம் சும்மா உட்கார வேண்டும். நம் வீடுகளில் தரையில் சம்மணம் போட்டு, கையை மடியில் தொங்கவிட்டு அளப்பார்கள். கை இதயத்துக்குக் கீழே இருந்தால் அளவு கூடத்தான் காட்டும். ஸ்டூல் அல்லது மேஜை மேல் கையை வைக்க வேண்டும். சட்டைக் கைக்கு மேல் கட்டக் கூடாது. அளக்கும்போது பேச்சு கூடாது, டிவி சீரியலும் கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை.

காலையில் மாத்திரைக்கு முன்பும் சாயங்காலம் சாப்பாட்டுக்கு முன்பும், டாக்டர் பேசுவதற்கு முந்தைய 7 நாள். முதல் நாள் அளவைத் தள்ளிவிட்டு மற்ற 6 நாளுக்குச் சராசரி எடுங்கள். வீட்டில் எடுத்த சராசரி 135/85-க்கு மேல் என்றால் கட்டுக்குள் இல்லை என்று பொருள். கிளினிக்கில் பார்க்கும் 140/90 என்ற எல்லையை வீட்டு அளவுக்குப் போட்டுப் பார்ப்பது அடிக்கடி நடக்கும் பிழை.

தாளில் ஏழு நாளும் 120/80 என்றே இருந்தால் நம்பாதீர்கள். திட்டு வாங்காமல் இருக்க நல்ல எண்ணாக எழுதுகிறவர்கள் நிறைய. மிஷினில் நினைவுப் பொத்தானை அழுத்தினால் பழைய அளவுகள் வரும். அதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லலாம். அளவு கூடியிருந்ததற்காக ஒருமுறை கடிந்துகொண்டால் அதன் பிறகு வருவதெல்லாம் அழகான பொய்தான்.

சுகர் மிஷினில் ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்து வைப்பதும் காலாவதி தேதி பார்க்காததும் வழக்கமான கோளாறு. விரலைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்த பிறகே குத்த வேண்டும். நத்தம் மாம்பழம் வரத்து இருக்கும் மாதங்களில் பழம் நறுக்கிய கையோடு குத்திவிட்டு 300 என்று பதறிப் போன் செய்வார்கள். கை கழுவி மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். மறுபடியும் கூடுதலாக இருந்தால் நம்புங்கள். 70-க்குக் கீழே இறங்கினால் என்ன செய்வது என்பதைத் தாளில் எழுதி மிஷின் பெட்டிக்குள்ளேயே வையுங்கள்: மூன்று டீஸ்பூன் சர்க்கரை தண்ணீரில், 15 நிமிடம் கழித்து மறுபடி அளவு, இன்னும் ஏறாவிட்டால் மறுபடி அதே. மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108.

போனால் முடியாத ஒன்றும் உண்டு. சுகர் நோயாளியின் பாத உணர்ச்சி, விழித்திரை, சிறுநீரகச் செயல்பாடு ஆகியவற்றை வருடம் ஒருமுறையாவது நேரில் பார்த்தாக வேண்டும். கண்ணுக்கு, 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை சிற்றூர்களில் நடத்தும் பார்வை மையங்களின் முறையைக் கவனியுங்கள். பயிற்சி பெற்ற ஊழியர் நோயாளியின் பக்கத்தில் இருந்து கருவியால் பார்த்துப் படம் எடுப்பார்; டாக்டர் தொலைவிலிருந்து திரையில் பார்த்து நோயாளியோடு பேசுவார். தொலைமருத்துவம் நன்றாக நடக்கும் இடங்களில் எல்லாம் நோயாளியின் பக்கத்தில் அளக்கத் தெரிந்த ஒருவர் இருப்பார். அந்த ஆளை வீட்டிலேயே தேடிப் பிடியுங்கள். பள்ளிக்கூடம் படிக்கும் பேத்தி மிக நல்ல தேர்வு.

சீட்டும் பதிவும்

மருந்துச் சீட்டில் டாக்டர் பெயர், தகுதி, பதிவு எண், தேதி, நோயாளி பெயர், வயது, ஊர் எல்லாம் இருக்க வேண்டும். கையெழுத்திட்டதைப் படமாகவோ பிடிஎஃப் ஆகவோ வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். பதிவு எண் ரசீதிலும் இருக்க வேண்டும். பிராண்டு பெயரோடு மருந்தின் மூலப் பெயரையும் பெரிய எழுத்தில் எழுதுங்கள். உள்ளூர்க் கடையில் அந்தப் பிராண்டு இல்லாதபோது கடைக்காரர் ஊகிக்காமல் இருக்க அதுதான் வழி. எத்தனை நாளுக்கு என்பதையும் எழுதுங்கள். அது இல்லாத சீட்டை வைத்து ஒரு வருடம் வரை வாங்கிக்கொண்டே இருப்பார்கள். போனில் நீங்கள் செய்த அத்தனை வேலையும் வீண். எந்தக் கடை என்பது நோயாளியின் விருப்பம். கடையிடமோ லேபிடமோ கமிஷன் வாங்குவது 2002 விதிகளின்படியே குற்றம்.

ஒவ்வொரு அழைப்புக்கும் தேதி, நேரம், வீடியோவா குரலா, என்ன சொன்னார், என்ன எழுதினீர்கள் என்று ஓபி நோட்டிலேயே பதியுங்கள். தனி நோட்டு போட்டால் அடுத்த முறை நேரில் வரும்போது அது கையில் இருக்காது. பதிவுகளை 3 வருடம் வைத்திருக்க வேண்டும்.

நம் ஊர்க் காலண்டர்

வருகை எப்போது குறையும் என்பது மதுரையில் முன்கூட்டியே தெரிந்த விஷயம். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் வாரம், கோரிப்பாளையம், சிம்மக்கல் பக்கம் உள்ள கிளினிக்குக்கு வெளியூர் நோயாளி வந்து சேர மாட்டார். பொங்கலுக்கு அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் பக்கத்தினரும் அப்படித்தான். அந்த நாட்களில் மாத்திரை தீருபவர்களை ஒரு வாரம் முன்பே போன் பட்டியலுக்கு மாற்றிவிடுங்கள்.

தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை போகும் சுகர் நோயாளிகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். மார்கழியிலேயே கூப்பிட்டு "மாலை போட்டிருக்கீங்களா?" என்று கேட்டு, போடுபவர்களை ஒருமுறை நேரில் வரவழைத்துப் பாதம் பாருங்கள். உணர்ச்சி குறைந்த பாதத்தோடு செருப்பில்லாமல் நடப்பவருக்குக் கொப்புளம் வந்ததே தெரியாது. நாள் முழுக்க நடக்கும்போது சுகர் இறங்கும். இன்சுலினோ கிளிமிபிரைடு என்ற சுகர் மாத்திரையோ போடுகிறவர்களுக்கு அளவு குறைக்க வேண்டி வரலாம். ராத்திரி தங்கும் இடத்தில் உள்ளங்காலைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னால், நடைப்பயணத்தின் நடுவிலும் நீங்கள் பார்த்துச் சொல்லலாம். ரமலானுக்கும் இதே முறை: நோன்பு தொடங்க ஒரு மாதம் முன்பே நேரில் வரவழைத்து மருந்து நேரத்தை மாற்றி எழுதி, நோன்பு நாட்களில் வாரம் ஒருமுறை போனில் அளவு கேளுங்கள்.

நிற்கிறார்களா என்று பார்ப்பது

எத்தனை வீடியோ கால் போனது என்ற எண்ணிக்கை எதையும் சொல்லாது. மாதக் கடைசியில் ஒரே ஒரு கணக்கு: பட்டியலில் உள்ளவர்களில் எத்தனை பேர் கடந்த 3 மாதத்தில் நேரிலோ போனிலோ டாக்டரைப் பார்த்தார்கள்? எடுத்துக்காட்டாக 240 பேரில் 168 என்றால் 70 சதவீதம். நாட்டின் உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டமும் 3 மாதத்தில் வராதவர்களைத் தனியாகப் பிரித்தே கணக்கு எடுக்கிறது. இரண்டாவது எண், அவர்களில் எத்தனை பேருக்குப் பிரஷர் கட்டுக்குள் இருக்கிறது. முதல் எண் ஏறி இரண்டாவது ஏறாவிட்டால், போனில் பழைய மருந்தையே மறுபடி மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள்.

மீதி 72 பேர் பெயரையும் தாளில் எடுத்து வையுங்கள். முதல் அழைப்பை எடுக்காதவருக்கு அன்று இரவே இன்னொன்று. அதுவும் இல்லையென்றால் இரண்டாவது எண்ணுக்கு. மூன்றும் போனால் ஒரு செய்தி, அடுத்த மாதம் மறுபடி ஒருமுறை. பேசக் கிடைத்தால் "ஏன் வரல?" என்று கேட்க வேண்டாம். "மாத்திரை எங்க வாங்குறீங்க, நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டால் காரணம் தானாக வரும். ஊர் மாறியிருப்பார், மகள் பிரசவத்துக்குப் போயிருப்பார், வேறு டாக்டரைப் பார்ப்பார், சிலர் இறந்தும் போயிருப்பார்கள். அந்தக் காரணத்தைப் பெயருக்கு எதிரே எழுதுங்கள். வேறு டாக்டரைப் பார்க்கிறவரின் பெயரை வருத்தமில்லாமல் அடித்துவிட்டு, ரிப்போர்ட் எதுவும் வேண்டுமென்றால் அனுப்புகிறோம் என்று சொல்லி வையுங்கள். 6 மாதம் தாண்டிவிட்டவர் மறுபடி பேச வந்தால் போனில் சீட்டு எழுத அவசரப்படாதீர்கள். அவருக்கு முதல் டோக்கன் கொடுத்து, ஒரு காலை நேரம் குறித்து நேரில் வரச் சொல்லுங்கள்.